அழற்சியா, தழும்பா? லூபஸ் நோயாளியின் சிறுநீர் சொல்லும் செய்தி

லூபஸ் நோயாளிகள் இருவருக்குச் சிறுநீரில் நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைச் சீட்டில் இருவருக்கும் ஒரே எண்தான். ஆனால் ஒருவரின் சிறுநீரகத்தில் அழற்சி இன்னும் தீவிரமாக நடந்துகொண்டிருக்கலாம். அவருக்கு உடனே மருந்தைக் கூட்டியாக வேண்டும். மற்றவருக்கு அழற்சி எப்போதோ அடங்கிப்போய், அது விட்டுச்சென்ற தழும்பின் வழியே புரதம் கசிந்துகொண்டிருக்கலாம். அவருக்கு மருந்தைக் கூட்டினால் சிறுநீரகத்துக்குப் பயன் இல்லை. தொற்று, எலும்புத் தேய்வு போன்ற பக்கவிளைவுகளே மிஞ்சும். ஒரே எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இந்த இரு நிலைகளையும் பிரித்தறிவது லூபஸ் சிகிச்சையில் நெடுநாளாக இருந்துவரும் சிக்கல். அதை அவிழ்க்க உதவும் தடயங்கள் அதே சிறுநீரில் இருப்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் படிப்படியாகக் காட்டிவருகின்றன.

லூபஸ் சிறுநீரகத்தை எட்டும் வழி

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தப் பொருள்களையே அந்நியமாகக் கருதி எதிர்க்கத் தொடங்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர். லூபஸ் அத்தகைய நோய்களுள் ஒன்று. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 15 முதல் 45 வயதுக்குள் நோய் தொடங்குகிறது. மூட்டுவலி, காய்ச்சல், முடி உதிர்தல், கன்னங்களிலும் மூக்கின் மேலும் படரும் செந்தடிப்பு ஆகியவை பலருக்கும் தெரிந்த அறிகுறிகள்.

இந்நோயில் எதிர்ப்புக்கு முதன்மையாக இலக்காவது செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவும் அதைச் சார்ந்த புரதங்களும். செல்கள் மடியும்போது இவை வெளியே சிந்துகின்றன. ஆரோக்கியமான உடலில் இந்தக் கழிவு விரைவாக அகற்றப்படும். லூபஸ் நோயாளியின் உடலிலோ இவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், உருவாகின்றன. எதிர்ப்பொருளும் அதன் இலக்கும் ஒன்றோடொன்று பிணைந்து சிறு கூட்டுகளாகின்றன. இரத்தம் ஓயாமல் வடிகட்டப்படும் இடமான சிறுநீரகத்தில் இந்தக் கூட்டுகள் படிகின்றன. சில அங்கேயே உருவாகவும் செய்கின்றன. படிந்த இடத்தில் காம்பிளிமென்ட் எனப்படும் இரத்தப் புரதங்கள் தூண்டப்பட்டு, வெள்ளணுக்கள் வரவழைக்கப்பட்டு, அழற்சி மூள்கிறது. இந்நிலைக்கு லூபஸ் நெஃப்ரைட்டிஸ் என்று பெயர். தமிழில் லூபஸ் சிறுநீரக அழற்சி எனலாம்.

எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறினாலும், லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பலருக்கு இது நோய் கண்டறியப்பட்ட முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே நேர்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வழியினரிடம் ஐரோப்பிய வழியினரைவிட இது மிகுதி, தீவிரமும் அதிகம். கடுமையான வகை அழற்சி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து, டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படுகிறது. இத்தனைக்கும் தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் கண்ணுக்குத் தெரியும்போது பாதிப்பு ஓரளவு முன்னேறியிருக்கும்.

வடிகட்டியில் நிகழும் கசிவு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் குளோமருலஸ் எனப்படும் மெல்லிய இரத்த நுண்குழாய்களின் முடிச்சு இருக்கிறது. வடிகட்டல் நடப்பது இங்கேதான். வடிகட்டும் சுவருக்கு மூன்று அடுக்குகள்: உள்ளே துளைகள் கொண்ட இரத்தக்குழாய்ச் செல்கள், நடுவில் அடித்தளச் சவ்வு, வெளியே விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பின்னி நிற்கும் போடோசைட் செல்கள். நீரும் உப்பும் யூரியாவும் இந்தச் சுவரைக் கடந்துவிடும். அல்புமின் போன்ற பெரிய புரதங்கள் பெரும்பாலும் தடுக்கப்படும்.

ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவம் இவ்வாறு வடிகிறது. வடிந்தது முழுவதும் நீண்ட நுண்குழல்கள் வழியே செல்லும்போது, உடலுக்கு வேண்டியவை திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. தப்பித்தவறி வடிந்த சிறு புரதங்களையும் இந்த நுண்குழல் செல்கள் மீட்டெடுத்துவிடும். எனவே ஆரோக்கியமானவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே இருக்கும். அழற்சியால் சுவர் சிதையும்போது இந்த அளவு உயர்கிறது. உடைந்த சுவர் வழியே சிவப்பணுக்களும் நழுவி வரும்.

சிறுநீரில் புரதம் தெரிந்தால் சிறுநீரகம் பழுது என்ற அறிவு இரண்டு நூற்றாண்டுப் பழமை கொண்டது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். சிலருடைய சிறுநீர் முட்டை வெள்ளைக்கரு போல் உறைந்தது. அந்த நோயாளிகள் இறந்த பின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்தன. 1827இல் அவர் இதை வெளியிட்டார். இன்றைய ஆய்வகம் காய்ச்சுவதற்குப் பதிலாக வேதிமுறையில் அளக்கிறது. ஆனால் அளக்கப்படுவது அதே புரதம்தான்.

இன்றைய சோதனைகள் எங்கே நின்றுவிடுகின்றன

லூபஸ் நோயாளியின் சிறுநீரில் புரதம் நாளொன்றுக்கு அரை கிராமைத் தாண்டினால் சிறுநீரக அழற்சி இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் ஐயப்படுகிறார்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தோ, ஒரு வேளைச் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தோ இதைக் கணக்கிடுகிறார்கள். இது எளிமையும் மலிவும் கொண்ட சோதனை. சிகிச்சை தொடங்கி ஓராண்டுக்குள் புரதம் 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரகம் நன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது ஐரோப்பிய சிகிச்சை ஆய்வுகளின் நீண்டகாலத் தரவுகளிலிருந்து தெரியவந்துள்ளது. புரத அளவு பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. சுவர் சிதைந்திருக்கிறது என்பதைப் புரதம் காட்டும். சிதைவு இப்போது நடக்கிறதா, முன்பு நடந்து முடிந்ததா என்பதைக் காட்டாது. கூரை வீடு ஒன்று தீப்பிடித்தால் கூரையில் ஓட்டை விழும். தீயை அணைத்த பிறகும் அந்த ஓட்டை வழியே மழைநீர் ஒழுகும். ஒழுகும் நீரின் அளவை மட்டும் வைத்து, உள்ளே தீ எரிகிறதா என்று சொல்ல முடியாது. அதற்குப் புகையைப் பார்க்க வேண்டும். எரியும்போது மட்டுமே புகை எழும். சிறுநீரில் வரும் புரதம் ஒழுகும் நீருக்கு ஒப்பானது. ஆய்வாளர்கள் தேடுவது புகையை.

இரத்தச் சோதனைகளும் இந்த இடத்தில் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. இரத்தக் கிரியாட்டினின் அளவு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி குறையும் வரை கூட இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவும், சி3, சி4 என்ற காம்பிளிமென்ட் புரதங்களின் அளவும் லூபஸ் நோயின் போக்கைக் கவனிக்க உதவுகின்றன. ஆனால் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருந்தும் சிறுநீரகம் பாதிக்கப்படாதவர்கள் உண்டு. இவை உடல் முழுவதற்குமான நிலையைச் சொல்கின்றனவே தவிர, சிறுநீரகத்துக்குள் நடப்பதைத் தனியே சொல்வதில்லை.

திசு ஆய்வின் வலிமையும் எல்லையும்

சிறுநீரகத்துக்குள் நடப்பதை நேரடியாகப் பார்க்க ஒரே வழி பயாப்சி எனப்படும் திசு ஆய்வு. ஊசியால் சிறுநீரகத் திசுவை எடுக்கும் முறையை கோபன்ஹேகனைச் சேர்ந்த போல் இவர்சனும் கிளாஸ் ப்ரூனும் 1951இல் விரிவாக வெளியிட்ட பிறகு அது பரவலாயிற்று. இப்போது அல்ட்ராசவுண்ட் படத்தின் துணையோடு, முதுகுப்புறமாக ஊசி செலுத்தி, நூல் போன்ற சிறு துண்டுகளை எடுக்கிறார்கள். நோயியல் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்த்து ஆறு வகைகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறார். மூன்றாம், நான்காம் வகைகளில் குளோமருலஸில் செல்கள் பெருகி அழற்சி தீவிரமாக இருக்கும்; ஐந்தாம் வகையில் சவ்வு தடித்துப் புரதக் கசிவு மேலோங்கும்.

வகையோடு இரண்டு மதிப்பெண்களும் தரப்படுகின்றன. இப்போது நடக்கும் அழற்சிக்குச் செயல்நிலை மதிப்பெண். அதன் உச்ச அளவு 24. ஆறாத தழும்புக்கு நாள்பட்ட சேத மதிப்பெண். அதன் உச்ச அளவு 12. தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்குத் திசு ஆய்வு தரும் விடை இந்த இரு மதிப்பெண்களே.

புரத அளவும் திசுவின் நிலையும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் திசு எடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டின. அர்ஜென்டினாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்ச் சோதனைப்படி முழுமையாகக் குணமானதாகக் கருதப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திசுவில் அழற்சி இன்னும் வலுவாக இருந்தது. மறுபக்கம், திசுவில் அழற்சி முற்றிலும் அடங்கிய பலருக்குச் சிறுநீரில் புரதம் தொடர்ந்து கசிந்துகொண்டிருந்தது. அளவு கூடினால் நோய், குறைந்தால் குணம் என்ற எளிய கணக்கு இரு திசையிலும் தவறக்கூடும்.

அப்படியானால் திசு ஆய்வையே அடிக்கடி செய்யலாமே என்று தோன்றலாம். அதற்குத் தடைகள் உண்டு. ஊசி நுழையும் இடத்தில் இரத்தக்கசிவு ஏற்படலாம். பெரும்பாலும் தானாக நின்றுவிடும், அரிதாகக் கடுமையாகும். இரத்தம் உறைவதில் குறையுள்ளவர்களுக்கும் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் செய்வது ஆபத்து. எடுக்கப்படும் துண்டில் பத்து, இருபது குளோமருலஸ்கள் கிடைக்கும். இருப்பதோ இருபது லட்சம். துண்டு எடுத்த இடத்தில் இல்லாத அழற்சி பக்கத்தில் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திசு ஆய்வு ஒரு நாளின் நிலையை மட்டும் காட்டும். நோயோ மாதத்துக்கு மாதம் மாறுவது.

சிறுநீரில் தேடப்படும் குறிப்பான்கள்

உடலில் நடக்கும் ஒரு செயலை, அது இயல்பானதாயினும் நோயாயினும் மருந்துக்கு உடல் தரும் மறுமொழியாயினும், அளந்து காட்டக்கூடிய பொருளை உயிர்க்குறிப்பான் என்பர். மருத்துவமனை வழக்கில் பயோமார்க்கர். சர்க்கரை நோய்க்கு இரத்தச் சர்க்கரை ஒரு குறிப்பான். சிறுநீரகத்திலேயே உருவாகி நேரே வெளியேறும் திரவம் சிறுநீர். ஊசி இல்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். துண்டு எடுத்த இடத்தை மட்டும் பேசும் திசுவைப்போல் அல்லாமல், இரு சிறுநீரகங்களின் எல்லா நெஃப்ரான்களிலிருந்தும் வடிந்தது அதில் கலந்திருக்கும். இந்தக் காரணங்களால் ஆய்வாளர்கள் இரத்தத்தைவிடச் சிறுநீரில் அதிகம் தேடினார்கள்.

அழற்சியின் ஒவ்வொரு கட்டமும் தனக்கே உரிய தடயங்களை விட்டுச்செல்கிறது. முதல் கட்டம் வெள்ளணுக்களை வரவழைப்பது. பாதிக்கப்பட்ட சிறுநீரகச் செல்கள் எம்சிபி-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இது இரத்தத்தில் செல்லும் மோனோசைட் வகை வெள்ளணுக்களைத் தன்பால் ஈர்க்கும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் ரோவின் குழு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நோய் மீண்டும் சீறுவதற்கு இரண்டு முதல் நான்கு மாதங்களுக்கு முன்பே சிறுநீரில் எம்சிபி-1 உயரத் தொடங்குவதை 2005இல் பதிவு செய்தது. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி மருத்துவ அறிவியல் முதுநிலைக் கழக ஆய்வாளர்களும் இந்திய நோயாளிகளிடம் இதே புரதத்தைக் காலவரிசையில் அளந்து, நோயின் ஏற்ற இறக்கத்தோடு அதுவும் ஏறி இறங்குவதைக் கண்டார்கள்.

வந்த வெள்ளணு இரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு திசுவுக்குள் நுழைய வேண்டும். அதற்கான பிடிப்புப் புரதங்களுள் ஒன்று விகாம்-1. அல்காம் என்பது டி-செல் வகை வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி6 என்ற புரதத்தோடு பிணையும் இன்னொன்று. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் சந்திரா மோகன் குழு இவ்விரண்டும் லூபஸ் சிறுநீரக அழற்சியில் சிறுநீரில் உயர்வதைக் காட்டியது. ஒரு குறிப்பான் சில நேரங்களில் மருந்துக்கும் வழிகாட்டும். சிடி6 புரதத்தைத் தடுக்கும் இட்டோலிசுமாப் என்ற மருந்தைச் சொரியாசிஸ் நோய்க்கென பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2013இல் இந்தியாவில் கொண்டுவந்திருந்தது. அல்காம், சிடி6 இணைப்பு சிறுநீரகத்திலும் பங்காற்றுவது தெரிந்த பின் அதே மருந்து லூபஸ் நெஃப்ரைட்டிஸ் நோயாளிகளிடமும் பரிசோதிக்கப்பட்டது.

உள்ளே நுழைந்த மோனோசைட், மேக்ரோஃபேஜ் எனும் பெருவிழுங்கணுவாக மாறுகிறது. அதன் மேற்பரப்பில் இருக்கும் சிடி163 என்ற புரதம் அழற்சியின்போது வெட்டுண்டு உதிர்ந்து சிறுநீரில் கலக்கிறது. மெக்சிகோவிலும் ஒஹையோவிலும் இருந்த நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், சிறுநீரில் சிடி163 எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பத் திசுவின் செயல்நிலை மதிப்பெண்ணும் இருந்தது. சிகிச்சை பலித்தவர்களிடம் அது இறங்கியது.

அழற்சியின் சூடு நுண்குழல்களையும் தாக்கும்போது வேறு இரண்டு புரதங்கள் வெளிப்படுகின்றன. ஒன்று கிம்-1, அடிபட்ட நுண்குழல் செல்லின் மேல் தோன்றி, வெளிப்பகுதி உதிர்ந்து சிறுநீரில் வரும். மற்றது என்கால். 2005இல் சின்சினாட்டியில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் இரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரில் என்கால் உயர்ந்தது. கிரியாட்டினின் உயர ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆயிற்று. அதன் பின்னரே லூபஸ் ஆய்வாளர்களின் கவனம் என்கால் பக்கம் திரும்பியது.

இவை எல்லாம் நோயில் கூடும் பொருள்கள். குறைவதால் செய்தி சொல்லும் பொருளும் ஒன்று உண்டு. இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை ஆரோக்கியமான நுண்குழல் செல்களே உருவாக்குகின்றன. செல்கள் மடிந்து தழும்பு பெருகப் பெருக, சிறுநீரில் இஜிஎஃப் குறைகிறது. சிடி163 உயர்ந்து இஜிஎஃப் இயல்பாக இருந்தால் அழற்சி மிகுதி, தழும்பு குறைவு என்று எதிர்பார்க்கலாம். சிடி163 தாழ்ந்து இஜிஎஃப்பும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் எஞ்சியிருப்பது தழும்பு. புரத அளவு சேர்த்தே காட்டிய இரு நிலைகளையும் இத்தகைய இணைகள் பிரித்துக் காட்டத் தொடங்குகின்றன.

இந்தப் புரதங்களை அளக்கும் முறை

சிறுநீரில் இவற்றின் அளவு மிக நுண்ணியது. ஒரு மில்லிலிட்டரில் நானோகிராம், பிக்கோகிராம் கணக்கு. இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்கும் கருவி, லூபஸில் உடலையே தாக்கும் அதே வகைப் பொருளான எதிர்ப்பொருள்தான். எலைசா என்ற முறையில், குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் ஒட்டவைக்கிறார்கள். சிறுநீரை ஊற்றினால் தேடும் புரதம் அதில் மாட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிவிட்டு, நிறம் உண்டாக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்த்தால், புரதத்தின் அளவுக்கேற்ப நிறம் அடர்கிறது. அந்த அடர்த்தியைக் கருவி அளக்கிறது.

முதலில் ஆய்வாளர்கள் தாமே ஐயப்பட்ட புரதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பின்னர், எதையும் முன்கூட்டியே ஊகிக்காமல் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளக்கும் தொழில்நுட்பங்கள் வந்தன. அமெரிக்காவில் 2014இல் அரசும் மருந்து நிறுவனங்களும் இணைந்து தொடங்கிய கூட்டுத் திட்டத்தில், திசு ஆய்வு செய்துகொண்ட லூபஸ் நோயாளிகளின் சிறுநீரும் திசுவும் ஒருசேர ஆராயப்பட்டன. சிறுநீரில் உயிரோடு வந்த வெள்ளணுக்களின் மரபணுச் செயல்பாடு, சிறுநீரகத் திசுவில் இருந்த வெள்ளணுக்களின் செயல்பாட்டை நெருக்கமாக ஒத்திருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். உள்ளே இருப்பதன் மாதிரி வெளியே வருகிறது என்பதற்கு இது வலுவான சான்று. அதே திட்டத்தில், சிகிச்சையின் முதல் மூன்று மாதங்களில் சிடி163, இண்டர்லியூகின்-16 போன்ற புரதங்கள் இறங்குகின்றனவா என்பது, ஓராண்டு முடிவில் யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்பதைப் புரத அளவைவிட நன்றாக முன்கூட்டிச் சொன்னது.

நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு பொருள் நோயாளிகளிடம் கூடுதலாக இருக்கிறது என்பதாலேயே அது நல்ல குறிப்பான் ஆகிவிடாது. முதல் கேள்வி, அது எங்கிருந்து வந்தது என்பது. வடிகட்டி பழுதாகிவிட்டால் இரத்தத்திலுள்ள எத்தனையோ புரதங்கள் சிறுநீரில் கசியும். அப்படிக் கசிந்த ஒன்று புரத அளவு ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்லும். இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் இரத்தத்திலும் அதே பொருளை அளக்கிறார்கள். சிறுநீர் அளவும் இரத்த அளவும் தொடர்பின்றி நகர்ந்தால், பொருள் சிறுநீரகத்திலேயே உருவாகியிருக்க வேண்டும். திசுத் துண்டுக்குச் சாயமேற்றி, அந்தப் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது என்று நேரே பார்ப்பது அடுத்த சான்று. எம்சிபி-1, சிடி163 இரண்டும் இந்தச் சோதனைகளைக் கடந்தவை.

இரண்டாவது, ஒப்பீடு யாரோடு என்பது. லூபஸ் நோயாளியை ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் பல பொருள்கள் வேறுபடும். மருத்துவருக்கு வேண்டியது அந்த வேறுபாடு அன்று. லூபஸ் உள்ளவர்களுக்குள்ளேயே சிறுநீரக அழற்சி உள்ளவர், இல்லாதவர் என்றும், அழற்சி உள்ளவர்களுக்குள்ளேயே அது தணிந்தவர், தணியாதவர் என்றும் பிரிக்க முடிய வேண்டும். அந்தப் பிரிப்பு திசு ஆய்வோடு ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, பொய்யான எச்சரிக்கை. என்கால் புரதம் இரும்பைக் கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள். ஆகவே சிறுநீர்ப்பாதைத் தொற்று வந்தாலும் அது உயரும். எம்சிபி-1 மற்ற சிறுநீரக அழற்சிகளிலும் உயரும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். நூறு லூபஸ் நோயாளிகளில் இருபது பேருக்கு அழற்சி இருக்கிறது என்று கொள்வோம். நோயுள்ளவரில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும், நோயற்றவரில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் சோதனை ஒன்று இருந்தால், அது இருபதில் 18 பேரைக் கண்டுபிடிக்கும், இருவரைத் தவறவிடும். நோயற்ற எண்பது பேரில் 16 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். எச்சரிக்கை வந்த 34 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோயே இல்லை. கேட்பதற்கு உயர்வாகத் தெரியும் விழுக்காடுகள் நடைமுறையில் எப்படிச் சுருங்குகின்றன என்பதை இது காட்டுகிறது.

நான்காவது, நீர்த்தல். நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரில் எல்லாப் பொருளும் நீர்த்திருக்கும். எனவே எந்தக் குறிப்பானையும் அதே சிறுநீரின் கிரியாட்டினினோடு விகிதமாக்கியே ஒப்பிடுகிறார்கள்.

ஒன்றுக்குப் பதிலாகப் பல

எந்த ஒரு புரதமும் தனியே இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் கடக்கவில்லை. அதனால் பலவற்றைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் முயற்சிகள் தொடங்கின. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் ஹெர்மின் புரூனர் குழு என்கால், எம்சிபி-1, கிம்-1, செருலோபிளாஸ்மின், அடிபோனெக்டின், ஹீமோபெக்சின் ஆகிய ஆறு சிறுநீர்ப் புரதங்களைக் கொண்டு ரெயில் என்ற மதிப்பெண்ணை 2016இல் உருவாக்கியது. குழந்தைகள், இளையோரின் திசுவில் இருக்கும் அழற்சியின் அளவை அது நன்றாக மதிப்பிட்டது. பிற்பாடு வயதுவந்தோரிடமும் சோதிக்கப்பட்டது. ஆறு புரதங்களும் நோயின் வெவ்வேறு பக்கங்களைப் பிரதிபலிப்பதால், ஒன்றின் பிழையை மற்றவை ஈடுசெய்கின்றன.

ஆயினும் இவை எதுவும் திசு ஆய்வின் இடத்தை இன்னும் பிடிக்கவில்லை. பல ஆய்வுகள் சில பத்து நோயாளிகளைக் கொண்டவை. ஓர் ஆய்வகம் நிர்ணயித்த எல்லை அளவு வேறு நிறுவனத்தின் எலைசா தட்டில் பொருந்துவதில்லை. ஓரினத்தாரிடம் நன்றாக வேலை செய்த குறிப்பான் மற்றோரினத்தாரிடம் அவ்வாறே செய்யும் என்ற உறுதி இல்லை. அதனால் பல நாட்டு நோயாளிகளிடம் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது. இறுதித் தேர்வு இன்னும் கடினமானது: குறிப்பானைப் பார்த்து மருந்தை மாற்றிய நோயாளிகள், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா என்பதை நேரடி ஒப்பீட்டால் நிறுவ வேண்டும்.

இதற்கான தேவை இப்போது கூடியிருக்கிறது. லூபஸ் நெஃப்ரைட்டிஸுக்கென பெலிமுமாப் 2020 டிசம்பரிலும், வோக்ளோஸ்போரின் 2021 ஜனவரியிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மருந்துகள் பெருகும்போது, யாருக்கு எதை, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளும் பெருகுகின்றன. ஓராண்டு காத்திருந்து புரத அளவைப் பார்ப்பதற்குப் பதில், மூன்றாம் மாதத்திலேயே திசை தெரிந்தால் பலிக்காத மருந்தை விட்டு வேறொன்றுக்கு மாறலாம்; அதற்குள் தழும்பாகிவிடக்கூடிய நெஃப்ரான்களைக் காப்பாற்றலாம். மடிந்த நெஃப்ரானுக்குப் பதிலாக மனித உடல் புதிதொன்றை உருவாக்குவதில்லை.

புதிய சோதனைகள் நடைமுறைக்கு வரும் வரை, எளிய சிறுநீர்ச் சோதனையே லூபஸ் நோயாளிக்கு முதல் பாதுகாப்பு. புரதமும் சிவப்பணுவும் பார்க்கும் அந்தச் சோதனையை எந்த ஊர் ஆய்வகத்திலும் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். சிறுநீரக அழற்சி தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று எண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. லூபஸ் உள்ள ஒவ்வொருவரும் மருத்துவர் சொன்ன இடைவெளியில், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறுநீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும். புரதம் உயர்ந்து மருத்துவர் திசு ஆய்வு கேட்டால் அதைத் தட்டிக்கழிக்காமல் செய்துகொள்ள வேண்டும்.